தாலந்தைப் புதைத்தது யார்?

(பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)
வாசகங்கள்: மத்தேயு 25:14-30, விடுதலைப் பயணம் 4:1-16



இன்றைய நற்செய்தி தாலந்து உவமை. நெடும்பயணம் புறப்படும் தலைவர் ஒருவர் தம் பணியாளர்களை அழைத்து, அவரவர் திறமைக்கு ஏற்றபடி ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவரும் அதைப் பெருக்குகிறார்கள். மூன்றாமவர் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கிறார். பிறகு கணக்குக் கேட்கும் நாள் வருகிறது. சிறு வயதிலிருந்து நாம் கேட்டுப் பழகிய கதை இது.

இதில் நாம் எளிதாகத் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. ஒரு தாலந்து என்பது ஏதோ ஒரு நாணயம் அல்ல. இயேசுவின் காலத்தில் ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அதாவது, ஒரு தொழிலாளி ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்துச் சம்பாதிக்கும் பணம். மிகக் குறைவாகப் பெற்றவர் என்று நாம் நினைக்கும் அந்த மூன்றாம் பணியாளர்கூட ஒரு பெரும் செல்வத்தைத்தான் கையில் வாங்கினார். தலைவர் யாரையும் வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போகவில்லை.

நவம்பர் 14ஆம் நாளைக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். டிசம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழா. அதே டிசம்பர் 3ஐ 1992ஆம் ஆண்டிலிருந்து ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான உலக நாளாகவும் கடைப்பிடிக்கிறது. இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே இந்த உவமையைக் கேட்கும்போது, ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அந்தப் பிள்ளை நம் எல்லாப் பங்கிலும் இருக்கிறது, எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அபாரமான ஒரு திறமையும் அதோடு கற்றலில் ஒரு பெரிய தடையும் சேர்ந்தே கொண்ட பிள்ளை அது.

1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். நன்றாகப் பேசுவான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால், ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தும் வாசிக்க வரவில்லை. தன் சொந்தப் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். தவறாக எழுதியிருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய ஆசிரியர் சொன்னது என்ன தெரியுமா? பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்றார். அந்த ஆசிரியரை நான் மதிக்கிறேன். பையனின் குறையைப் பார்த்த அதே கண்ணால் அவனுடைய அறிவையும் பார்த்தார் அவர்.

இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறோம். வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் கற்றல் குறைபாடு. இது அறிவுக் குறைவு அல்ல, சோம்பல் அல்ல, திமிரும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை அந்தப் பிள்ளைக்கு நம்மைவிடப் பல மடங்கு கடினமாக இருக்கிறது. நம் தமிழையே பாருங்கள். ‘கொடி’ என்று சொல்லும்போது வாய் முதலில் ‘க்’ என்ற ஒலியைச் சொல்கிறது. எழுத்திலோ கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், அதற்குப் பின் துணைக்கால். நமக்கு இது தானாகப் பழகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு முடிச்சு. ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் களைத்துப்போகிறது.

வாசிப்பு மட்டும் அல்ல. சிலருக்கு எழுதுவது தடை. சொல்லச் சொன்னால் அருவிபோல் சொல்வார்கள், பேனாவை எடுத்தால் இரண்டு வரியோடு நின்றுவிடும். சிலருக்கு எண்கள் தடை. சிலருக்கு ஓரிடத்தில் கவனம் நிற்பது தடை. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கூட்டமும் ஓசையும் தடை. பார்வையோ செவித்திறனோ குறைந்த பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லாரிடமும் அசாதாரணத் திறமை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளையும் கடவுளின் சாயல்தான். ஆனால் இவர்களுக்குள் சிலரிடம் கணக்கிலோ இசையிலோ ஓவியத்திலோ எந்திரங்களைப் புரிந்துகொள்வதிலோ வயதுக்கு மீறிய ஆற்றல் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள்தான் நம் கண்ணில் படாமல் போகிறார்கள்.

ஏன் படுவதில்லை? மூன்று விதமாக இது நடக்கிறது.

முதலாவது, திறமை தெரிகிறது, தடை தெரிவதில்லை. ‘நல்ல மூளை, ஆனா படிக்க மாட்டான், சோம்பேறி’ என்று பெயர் வாங்கும் பிள்ளை இது. இரண்டாவது, தடை தெரிகிறது, திறமை தெரிவதில்லை. கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, எழுத்துப் பயிற்சியை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுத்து, வேறு எதையும் இந்தப் பிள்ளையிடம் நாம் கேட்பதே இல்லை. மூன்றாவது விதம்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. திறமை தடையை மூடிமறைக்கிறது, தடை திறமையை மூடிமறைக்கிறது. வாசிக்க முடியாததை அந்தப் பிள்ளை காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு எப்படியோ சமாளிக்கிறது. மதிப்பெண் நாற்பது, ஐம்பது வருகிறது. எல்லாரும் ‘சராசரிப் பிள்ளை’ என்று விட்டுவிடுகிறோம். அந்த நாற்பது மதிப்பெண்ணுக்கு அது எவ்வளவு பாடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. பாடம் கனக்கத் தொடங்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சமாளிப்பும் ஒருநாள் உடைந்துபோகிறது.

பங்கில் ஓர் அன்பியக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் ஏழாம் வகுப்பு. வீட்டில் மிக்சி ஓடவில்லை என்றால் அவன்தான் கழற்றிச் சரிசெய்வான். மறைக்கல்வி வகுப்பில், வெள்ளம் வந்தபோது மீன்கள் பேழைக்கு உள்ளே இருந்தனவா வெளியே இருந்தனவா என்று கேட்டு ஆசிரியையைத் திகைக்க வைத்தவன். ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்வதை எழுதச் சொன்னால் பாதி எழுத்து இருக்காது. தேர்வுத்தாள் வருகிற நாளில் சாப்பிட மாட்டான். அந்தத் தாய் கேட்டார்: “ஃபாதர், என் பையன் புத்திசாலியா, மக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. நான் அதுக்குத் தக்க மாதிரி நடந்துக்கிறேன்.”

அவர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை, கண்ணீரோடு கேட்டார். அந்த வீட்டில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே வந்திருந்தது. மதிப்பெண் வரும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது என்று தகப்பன் ஸ்க்ரூடிரைவர் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். மகன் மேல் உயிராய் இருப்பவர். படிப்பு கெட்டுப்போகிறதே என்ற பயத்தில் செய்தார். மூன்றாம் பணியாளரும் பயந்துதான் மண்ணைத் தோண்டினார் என்று நற்செய்தி சொல்கிறது.

இங்கேதான் இந்த உவமை என்னைக் கேள்வி கேட்கிறது. உவமையில் வரும் பணியாளர் வளர்ந்தவர். அவர் கையால் அவரே தோண்டினார்; கணக்கும் அவரே கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு பிள்ளையின் தாலந்தைப் புதைப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் கை அல்ல. பீரோவைப் பூட்டும் கை, ‘மக்கு’ என்று எழுதிக் கொடுக்கும் கை, கடைசி பெஞ்சைக் காட்டும் கை எல்லாம் பெரியவர்களுடையவை. அப்படியானால் தலைவர் திரும்பி வரும் நாளில் கணக்கு யாரிடம் கேட்பார்?

அந்தத் தாயின் கேள்விக்குத் திருவிவிலியத்தில் ஒரு பதில் இருக்கிறது. விடுதலைப் பயண நூல் நான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள்.

எரியும் முட்புதரின் முன் மோசே நிற்கிறார். எகிப்துக்குப் போ என்று கடவுள் அனுப்புகிறார். மோசே தயங்குகிறார். தமக்குப் பேச்சு வராது, நாக்கு தடுமாறும் என்கிறார். பார்வோன் முன் நின்று ஒரு மக்களினத்துக்காக வாதாட வேண்டியவருக்கே பேச்சு வராது! கடவுள் என்ன செய்தார் என்று படிப்படியாகப் பாருங்கள்.

மோசே தம் நாவைப் பற்றிச் சொல்வது பத்தாம் வசனத்தில். அதற்கு முன்பே, இரண்டாம் வசனத்தில், மோசேயின் கையில் இருப்பது என்ன என்று கடவுள் கேட்டுவிட்டார். கையில் இருந்தது ஆடு மேய்க்கும் கோல். அந்தக் கோலிலிருந்துதான் கடவுள் தொடங்கினார். வாயில் இல்லாததைப் பற்றிய பேச்சு பிறகு வந்தது; கையில் இருப்பதைப் பற்றிய கேள்வி முதலில் வந்தது.

அடுத்து, பேச்சு வராது என்றால் நீ ஆடு மேய்க்கவே போ என்று கடவுள் மோசேயைத் திருப்பி அனுப்பவில்லை. வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே கேட்டபோது கடவுளுக்குச் சினம் வந்தது என்று எழுதியிருக்கிறது. அப்போதும் அழைப்பை அவர் திரும்பப் பெறவில்லை. முதலில் உன் நாக்கைச் சரிசெய்துகொண்டு வா, பிறகு பார்வோனிடம் போகலாம் என்றும் அவர் சொல்லவில்லை. நாவைப் படைத்தவர் அவர், நொடியில் குணமாக்கியிருக்கலாம். குணமாக்கியதாக நூலில் எங்கும் இல்லை. அவர் தந்தது துணை. அண்ணன் ஆரோன் மோசேக்கு வாயாக இருப்பார் என்று ஏற்பாடு செய்தார்.

ஆரோன் பேசினார் என்பதால் மோசேயின் பணி ஆரோனுடையது ஆகிவிடவில்லை. சொற்கள் மோசே வழியாக வந்தன. குரல் மட்டும் ஆரோனுடையது. கோல் மோசேயின் கையில் இருந்தது. தடை தடையாகவே இருந்தது, துணை பக்கத்தில் நின்றது, அழைப்பு குறையாமல் நிறைவேறியது. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? தடையைப் பார்த்தால் திறமையைப் பறிக்கிறோம்: ‘முதலில் எழுத்துப் பிழை போகட்டும், அப்புறம் படம் வரையலாம்.’ திறமையைப் பார்த்தால் துணையைப் பறிக்கிறோம்: ‘இவ்வளவு அறிவு இருக்கிறவனுக்கு உதவி எதற்கு? மனசு வைத்தால் படிப்பான்.’ கடவுள் இரண்டையும் செய்யவில்லை.

தேர்வில் சொல்வதை எழுதுபவர் என்ற ஏற்பாட்டை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பிள்ளை பதிலைச் சொல்லும்; இன்னொருவர் அதை அப்படியே எழுதுவார். இது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். ஆரோனை நினைத்துக்கொள்ளுங்கள். குரல் ஒருவருடையது, செய்தி மற்றவருடையது. அல்லது உங்கள் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுத் தேர்வு எழுதுகிறவனை யாரும் காப்பி அடித்தவன் என்று சொல்வதில்லையே. கண்ணாடி பதிலைச் சொல்லித் தருவதில்லை. கேள்வியைத் தெளிவாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதை இன்று நம் நாட்டின் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையான நிலைகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். கற்றல் குறைபாட்டை முடிந்தவரை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது அந்தச் சட்டம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அது குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் இத்தகைய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் மாதம் தேர்வு என்றால் பிப்ரவரியில் ஓடுவதில் பயனில்லை. எத்தனையோ பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் ஒரு மறையுரையில் இதைச் சொல்கிறேன்.

நம் திருஅவையின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. இருவரை மட்டும் சொல்கிறேன்.

செபமாலை முடிந்ததும் கிருபை தயாபத்து மந்திரம் சொல்கிறோம். அந்தச் செபத்தின் இலத்தீன் மூலத்தை இயற்றியவர் என்று நெடுங்கால மரபு ஒருவரைக் காட்டுகிறது. ரைசனாவு துறவு மடத்தைச் சேர்ந்த அருளாளர் ஹெர்மன் அவர். 1013ஆம் ஆண்டு ஜெர்மன் நாட்டில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். நடக்க முடியாது, துணையில்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவும் முடியாது. பேச்சும் தெளிவாக வராது. ஏழு வயதில் ஓர் ஏரித் தீவில் இருந்த பெனடிக்ட் சபை மடத்தில் பெற்றோர் அவரை ஒப்படைத்தார்கள். அந்தத் துறவிகள் அவரை ஓர் ஓரத்தில் கிடத்திச் சோறு மட்டும் ஊட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து வானியல், கணிதம், இசை மூன்றிலும் தம் காலத்தின் பேரறிஞர்களில் ஒருவரானார். விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவியைப் பற்றி நூல் எழுதினார். கிறிஸ்து பிறப்பிலிருந்து தம் காலம்வரையான வரலாற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்தார். 1054ஆம் ஆண்டு இறக்கும்வரை அவருடைய உடல் அப்படியேதான் இருந்தது.

இன்னொருவர் லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கூவ்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பட்டறையில் கூரிய கருவி ஒன்று கண்ணில் குத்தியது. புண் மறு கண்ணுக்கும் பரவி இரு கண்ணும் பார்வை இழந்தன. அவரைப் பற்றிப் பேசுகிற பலரும் அவருடைய பங்குத்தந்தையை மறந்துவிடுகிறோம். பல்லுய் என்ற அந்தக் குருவானவர் சிறுவனின் அறிவைக் கண்டார். தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்தார். பத்து வயதில் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்குப் போன லூயி, 15 வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். பின்னாளில் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பணியாற்றினார். இன்று தமிழிலும் பிரெயில் நூல்கள் இருக்கின்றன. ஒரு சிற்றூர்ப் பங்குத்தந்தை ஒரு பிள்ளைக்கு ஒதுக்கிய நேரம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை ஹெர்மனாகவோ பிரெயிலாகவோ ஆக வேண்டியதில்லை. பெரிய ஆளாக வந்தால்தான் உதவி செய்தது பயன் என்று நினைத்தால், பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையைத்தான் ஏற்றுகிறோம். ஐந்து தாலந்தைப் பெருக்கியவரையும் இரண்டைப் பெருக்கியவரையும் தலைவர் ஒரே சொற்களால் பாராட்டினார். இருவரையும் ஒரே மகிழ்ச்சிக்குள் அழைத்தார்.

இனி, வீட்டில் என்ன செய்யலாம்?

அன்பான பெற்றோரே, மோசேயிடம் கடவுள் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? பென்சிலா, பறையா, ஸ்க்ரூடிரைவரா, பந்தா, அல்லது ஓயாத கேள்விகளா? அதைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். எழுத்தில் நாள் முழுவதும் தோற்றுவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, தான் எதற்கும் ஆகாதவன் அல்லன் என்று காட்டுவது அந்த ஒன்றுதான். அதைப் பூட்டிவைத்தால் எழுத்து வந்துவிடாது, மனம்தான் ஒடிந்துபோகும்.

அதோடு, துணையைத் தேடுங்கள். அறிவுள்ள பிள்ளை இவ்வளவு திணறுகிறதே என்று தோன்றினால் மந்திரிக்கப் போகாதீர்கள், டியூஷனை இரண்டாக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பள்ளியில் பேசுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் கேட்டால் எங்கே பரிசோதிக்கலாம் என்று வழிகாட்டுவார்கள். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்ச வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது குறைகளை மட்டும் சொல்லாமல், பிள்ளை நன்றாகச் செய்கிறவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளையின் முழுப் படம் கிடைக்கும்.

நான் சொன்ன அந்தத் தாயும் தகப்பனும் அப்படித்தான் போனார்கள். மகனுக்கு டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. அதோடு அவனுடைய அறிவுத்திறன் வயதுக்கு மிஞ்சியது என்பதும் தெரிந்தது. பூட்டியிருந்த டப்பா வெளியே வந்தது. சிறப்பாசிரியை வாரம் இரண்டு நாள் வந்து எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பயிற்சி தருகிறார். இன்னும் பிழை வருகிறது. ஆனால் தேர்வுத்தாள் வருகிற நாளில் சாப்பிடுகிறான் என்றார் அந்தத் தாய். அதையே ஒரு பெரிய அருளாக நான் பார்க்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் சுமை எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், நிரப்ப வேண்டிய பதிவேடுகள். இருந்தாலும் சிறிய சில மாற்றங்கள் பெரிய பலன் தரும். ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்ல இடம் கொடுங்கள். விடைத்தாளில் கருத்துக்கு ஒரு மதிப்பெண், எழுத்துப் பிழைக்குத் தனி என்று பிரித்துப் பாருங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையை எல்லார் முன்னிலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். கணக்கில் வேகமாக ஓடும் பிள்ளைக்கு, அதன் கையெழுத்து மோசம் என்பதற்காக எளிய கணக்கையே கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடினமான கணக்கைக் கொடுத்து, விடையைச் சொல்லக் கேளுங்கள்.

பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கத்தோலிக்கப் பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறேன். நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்போடு ஒரு பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பேனரில் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை. ஆனால் கடவுளின் பதிவேட்டில் இருக்கிறது. நல்ல ஆயர் தொண்ணூற்றொன்பதைக் காட்டி, தொண்ணூற்றொன்பது விழுக்காடு என்று மகிழ்ந்து நிற்கவில்லை.

நம் பங்குகளும் இதில் கணக்குக் கொடுக்க வேண்டும். புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும்போது செபங்களைப் பார்க்காமல் எழுதச் சொல்லித் தேர்வு வைக்கிறோம். எழுத வராத பிள்ளை நற்கருணையில் யார் இருக்கிறார் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், சொல்லும். வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு வாசகத்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். வீட்டில் பலமுறை கேட்டுப் பழகி வந்து வாசிக்கட்டும். கூட்டமும் மேளச் சத்தமும் தாங்காத பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு ஓர் அமைதியான இடம் ஒதுக்குங்கள். திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். குடிலுக்கு மின்விளக்கு போடுவதற்கும், பாடகர் குழுவில் தாளம் வாசிப்பதற்கும், பீடத்தில் பணிசெய்வதற்கும் மதிப்பெண் பட்டியலைக் கேட்காதீர்கள். அன்பியங்களில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரையொருவர் சந்திக்க வழி செய்யுங்கள். தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துத் தனியே அழுகிறவர்கள் அவர்கள்.

கடைசியாக, பெற்றோரோடு சேர்ந்து இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. எழுத்து ஓடிப்போகிறது, கணக்கு குழம்புகிறது, எல்லாரும் முடித்த பிறகும் நீ மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்றால், நீ மக்கு அல்ல. உனக்கு அது கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். கடினமாக இருக்கிறது என்று வீட்டில் சொல், ஆசிரியரிடம் சொல், உன் பங்குத்தந்தையிடமும் சொல். மோசே கடவுளிடமே சொன்னார். சொன்ன பிறகுதான் ஆரோன் வந்தார். பயிற்சியை விட்டுவிடாதே. உனக்குப் பிடித்த, உனக்கு வருகிற அந்த ஒன்றையும் விட்டுவிடாதே. அது கடவுள் உன் கையில் கொடுத்தது.

செபிப்போம். பேரன்பு மிக்க இறைவா, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்திருப்பவர் நீரே. கற்க விரும்பியும் கற்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளை உம் திருமுன் வைக்கிறோம். அவர்களுடைய பெற்றோருக்குப் பொறுமையையும், ஆசிரியர்களுக்குத் தெளிந்த கண்களையும், எங்கள் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் விரிந்த மனத்தையும் தாரும். மோசேக்கு ஆரோனைத் தந்ததுபோல இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையைத் தாரும். அந்தத் துணையாக எங்களையும் ஏற்றுக்கொள்ளும். நீர் ஒப்படைத்த எந்தத் தாலந்தும் எங்கள் அச்சத்தால் மண்ணுக்குள் போகாதிருக்க எங்கள் கைகளைக் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.